மறந்துபோன வைஃபை கடவுச்சொல்: கணினியிடமே கேட்கலாம்

வீட்டுக்குப் புதிய கைபேசி ஒன்று வாங்கி வருகிறோம். அல்லது விடுமுறைக்கு வந்த உறவினர் தம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கிறார். அப்போதுதான் அது நமக்கே நினைவில் இல்லை என்பது தெரியவருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இணைய நிறுவனத்தின் ஊழியர் வந்து, ரூட்டரைச் சுவரில் மாட்டி, ஏதோ ஒரு சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டுப் போனார். அதன்பின் அச்சொல்லை எவரும் கேட்கவில்லை. கணினி நாள்தோறும் தானாகவே இணைந்துகொள்வதால் நினைவில் வைத்திருக்கவேண்டிய தேவையும் எழவில்லை. எழுதி வைத்த சீட்டு பழைய மின்கட்டண ரசீதுகளோடு எங்கோ போய்விட்டது.

இத்தகைய நேரத்தில் பலருடைய கை முதலில் போவது ரூட்டரின் பின்புறமுள்ள ஊசித்துளைப் பொத்தானுக்கு. அதைச் சில நொடிகள் அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், புதிதாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். சற்றுப் பொறுத்திருக்குமாறு வேண்டுகிறோம். அந்தப் பொத்தான் ரூட்டரில் பதிந்துள்ள எல்லா அமைப்புகளையும் அழிக்கிறது. நம் நாட்டின் பல இணைய இணைப்புகளில், நிறுவனம் நமக்கென அளித்த பயனர் பெயரும் அதற்குரிய தனியான கடவுச்சொல்லும் ரூட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அவையும் சேர்ந்து அழிந்துவிட்டால், கடவுச்சொல்லைத் தேடப்போய் இணையத்தையே இழந்து, ஊழியர் வரும்வரை காத்திருக்க நேரும்.

பெரும்பாலும் இதற்கு அவசியமே இல்லை. வீட்டுக் கணினி இன்று காலையும் தானாக இணைந்தது என்றால், கடவுச்சொல் அதனிடம் இருக்கிறது என்று பொருள். முறையாகக் கேட்டால் அது சொல்லிவிடும். எப்படிக் கேட்பது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம். அவ்வளவு எளிதில் அது சொல்லிவிடுவதால் வங்கி வாடிக்கையாளர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. அவற்றையும் சேர்த்தே கூறுகிறோம்.

வங்கி சொல்லாததைக் கணினி சொல்வது ஏன்?

இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கிளைக்கு வருகின்ற வாடிக்கையாளர்கள் சிலர், "பழைய சொல்லையே பார்த்துச் சொல்லிவிடுங்களேன்" என்று கேட்பதுண்டு. கிளை மேலாளராலும் அதைச் சொல்ல இயலாது. புதிய சொல்லை அமைத்துக்கொள்ளும் வழியைத்தான் காட்ட முடியும். முறையாக அமைக்கப்பட்ட சேவைகளில் கடவுச்சொல் சொல்லாகவே சேமிக்கப்படுவதில்லை. ஒரு கணக்கீட்டின் வழியாக அது உருமாற்றப்பட்டு, அந்த உருமாறிய வடிவம் மட்டுமே வைக்கப்படுகிறது. அரிசியை மாவாக்கலாம், மாவிலிருந்து அரிசியைப் பெற முடியாது. அடுத்த முறை நாம் சொல்லை உள்ளிடும்போது அதுவும் அதே முறையில் அரைக்கப்படுகிறது. இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கிறது. அரிசி எதுவென்பது எவருக்கும் தெரியவேண்டியதில்லை.

வைஃபையில் நடப்பது வேறு. அங்கே ஒருவர் வாயிலில் நின்று சொல்ல, மற்றவர் சரிபார்ப்பதில்லை. ரூட்டரும் கணினியும், தங்கள் இருவருக்கும் ஒரே இரகசியம் தெரியும் என்பதை ஒன்றுக்கொன்று மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் அந்த இரகசியத்தைக் காற்றில் உரக்கச் சொல்லிவிடக் கூடாது. இன்று வீடுகளில் பரவலாக உள்ள டபிள்யூபிஏ 2 என்னும் பாதுகாப்பு முறையில், கடவுச்சொல்லும் வைஃபையின் பெயரும் சேர்த்து 4096 முறை ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தப்படுகின்றன. அதிலிருந்து 256 பிட் நீளமுள்ள ஒரு திறவுகோல் பிறக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இரு கருவிகளும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. இணையும் ஒவ்வொரு முறையும் இரகசியம் கணினியின் கையில் இருந்தாக வேண்டும் என்பதால் அது சேமித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் அதை மறைகுறியாக்கித்தான் வைக்கிறது. ஆயினும் பூட்டைத் திறக்கும் சாவியும் அதே வீட்டில்தான் இருக்கிறது. கணினியின் நிர்வாகி உரிமை பெற்றவர் கேட்டால் அது திறந்து காட்டிவிடும்.

விண்டோஸ் கணினியில்

விண்டோஸ் 10 உள்ள கணினியில், அது வைஃபையோடு இணைந்திருக்கும்போதே, கண்ட்ரோல் பேனலைத் திறந்து 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும். நம் வைஃபையின் பெயர் அங்கே நீல நிறத்தில் தெரியும். அதைச் சொடுக்கினால் ஒரு சிறு சாளரம் விரியும். அதில் 'வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸ்' என்னும் பொத்தானை அழுத்தி, அடுத்து வரும் சாளரத்தில் 'செக்யூரிட்டி' என்னும் தாவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல் அங்கே வெறும் புள்ளிகளாகத் தெரியும். கீழே உள்ள 'ஷோ கேரக்டர்ஸ்' என்னும் கட்டத்தில் குறியிட்டால் புள்ளிகள் எழுத்துகளாக மாறிவிடும். இடையில் கணினி நிர்வாகி அனுமதி கேட்கலாம். நம் கணினிதான் என்றால் கொடுக்கலாம்.

விண்டோஸ் 11இல் வழி இன்னும் குறுகியது. 'செட்டிங்ஸ்' சென்று 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதனுள் 'வைஃபை', அதனுள் இணைந்துள்ள வைஃபையின் 'பிராப்பர்ட்டீஸ்' என்று செல்ல வேண்டும். அங்கே வைஃபையின் பாதுகாப்புத் திறவுகோலைக் காட்டுவதற்கென்றே 'வியூ' என்னும் பொத்தான் உள்ளது. (விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவோர் இதையும் நினைவில் கொள்வது நன்று.)

சிலருக்கு இப்போது இணைப்பில் இல்லாத ஒரு வைஃபையின் சொல் தேவைப்படும். பணி மாறுதலில் வேறு ஊருக்கு வந்துவிட்டோம். சொந்த ஊர் வீட்டிலுள்ள பெற்றோர் கேட்கிறார்கள். நம் மடிக்கணினி சென்ற விடுமுறையில் அங்கே இணைந்திருந்தது. இதற்கும் வழி உண்டு. 'கமாண்ட் பிராம்ப்ட்' என்னும் கறுப்புச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ஆங்கில எழுத்துகளில் நான்கு சொற்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதற்சொல் என், இ, டி, எஸ், எச் என்னும் ஐந்து எழுத்துகள். இரண்டாவது டபிள்யூ, எல், ஏ, என். அடுத்தவை 'ஷோ', 'புரொஃபைல்ஸ்'. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஓர் இடைவெளி விட்டு என்டர் விசையைத் தட்டினால், அந்தக் கணினி நினைவில் வைத்திருக்கும் எல்லா வைஃபைகளின் பெயர்களும் வரிசையாக வரும். தங்கும் விடுதி, நண்பர் வீடு, நாமே மறந்துபோன ஒரு பயிற்சி வகுப்பு என்று அந்தப் பட்டியல் நம்மை வியக்க வைக்கும். வேண்டிய பெயரைக் குறித்துக்கொண்டு, அதே கட்டளையை மீண்டும் இட வேண்டும். இம்முறை கடைசிச் சொல்லின் ஈற்றெழுத்தான எஸ்ஸை நீக்கி 'புரொஃபைல்' என்று எழுதி, 'நேம்', சமக்குறி, இரட்டை மேற்கோள்குறிக்குள் வைஃபையின் பெயர் என்று தொடர்ந்து, ஓர் இடைவெளிக்குப்பின் 'கீ', சமக்குறி, 'கிளியர்' என்று முடிக்க வேண்டும். திரையில் வரும் நீண்ட விவரத்தில் 'கீ கன்டென்ட்' என்னும் வரிக்கு நேரே இருப்பதுதான் கடவுச்சொல்.

பிற கருவிகளில்

ஆப்பிள் கணினிகளில் இச்சொற்கள் 'கீசெயின்' என்னும் பெட்டகத்தில் காக்கப்படுகின்றன. 'கீசெயின் அக்செஸ்' செயலியைத் திறந்து வைஃபையின் பெயரைத் தேடி, 'ஷோ பாஸ்வேர்ட்' என்னும் கட்டத்தில் குறியிட்டால், கணினியின் சொந்தக் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டுக் காட்டும். 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்றே ஒரு செயலி இருக்கிறது. அதில் வைஃபைக்குத் தனிப்பகுதி உண்டு.

கணினியே இல்லாத வீடுகளில் கைபேசி உதவும். 2022இல் வெளியான ஐஓஎஸ் 16 முதல், ஐஃபோனின் வைஃபை அமைப்பில் பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு வட்டத்தைத் தொட்டால் கடவுச்சொல்லைக் காணலாம். முகமோ விரலோ காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2019இன் பத்தாம் பதிப்பு முதல் 'ஷேர்' என்னும் வசதி வந்தது. அது ஒரு க்யூஆர் குறியீட்டைக் காட்டும்; விருந்தினர் தம் கைபேசியால் அதைப் படித்தாலே இணைந்துவிடலாம். வசதிதான். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதைப் படமெடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், சொல்லையே எழுதிப் போடுவதும் ஒன்றுதான்.

ஊழியர் கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டிருந்தால் ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். உண்மையில் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே. ரூட்டரைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாமல் அரைநாள் தேடுவோர் உண்டு.

உதவி தேடும் இடத்தில் காத்திருப்பவர்கள்

மேற்சொன்ன எதற்கும் தனியாக ஒரு மென்பொருள் தேவையில்லை. ஒரு ரூபாயும் செலவில்லை. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடவுச்சொல்லை மீட்டுத் தருவதாகச் சொல்லி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் ஏராளம். அவற்றில் சில நேர்மையானவை. வேறு சில, வைஃபை சொல்லைக் காட்டிய கையோடு, உலாவியில் நாம் சேமித்து வைத்துள்ள பிற கடவுச்சொற்களையும் திரட்டி எங்கோ அனுப்பிவிடும். கணினி தானே செய்யும் ஒரு வேலைக்காக, ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுக்கவேண்டியதில்லை.

இன்னொரு வலை, இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடுவோருக்காக விரிக்கப்படுகிறது. மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணையே நிறுவனத்தின் எண்போலப் பதிவிட்டு வைத்திருப்பார்கள். அழைத்தால் மிகுந்த கனிவோடு பேசுவார்கள். "உங்கள் கைபேசியில் ஒரு செயலியை நிறுவுங்கள், நாங்களே இங்கிருந்து சரிசெய்து தருகிறோம்" என்பார்கள். அது நம் திரையைத் தொலைவிலிருந்து காணவும் இயக்கவும் உதவும் செயலி. பிறகு 'பதிவுக் கட்டணம்' என்று பத்து ரூபாய் செலுத்தச் சொல்வார்கள். நாம் செலுத்தும்போது யூபிஐ இரகசிய எண் உட்பட அனைத்தும் அவர்கள் திரையிலும் தெரியும். இத்தகைய செயலிகளில் ஒன்றைப் பெயர் குறிப்பிட்டே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை, அலுவலகங்களில் அன்றாடம் பயன்படுவதுதான். யாரிடம் திரையை ஒப்படைக்கிறோம் என்பதே கேள்வி. நிறுவனத்தின் எண் வேண்டுமானால் பழைய கட்டண ரசீதிலோ ரூட்டரின் சீட்டிலோ பார்த்துக்கொள்வது மேல்.

இழப்பு நேர்ந்துவிட்டால் தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தம் இரகசிய எண்களைப் பகிர்ந்துகொண்டது போன்ற கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை நேர்ந்த இழப்பு அவரையே சேரும்; தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுவது இது. வெட்கப்பட்டுக்கொண்டோ, வீட்டாருக்கு அஞ்சியோ கழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

ஒரே சொல், இரண்டு கதவு

நமக்கு இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் கடவுச்சொல், நம் கணினியின் முன் அமரும் எவருக்கும் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். பழுதுபார்க்கக் கொடுத்த கடையில், மகனின் நண்பர் விளையாட அமர்ந்த நேரத்தில், விற்றுவிட்ட பழைய மடிக்கணினியில் அது அப்படியே இருக்கும்.

அதனால் வங்கிக் கணக்குக்கு ஆபத்தா? வைஃபை சொல் தெரிந்துவிட்டதால் மட்டும் ஒருவர் நம் இணைய வங்கிப் பரிமாற்றத்தைப் படித்துவிட முடியாது. வங்கியின் இணையதளத்துக்கும் நம் உலாவிக்கும் இடையே செல்லும் செய்திகள் தனியே மறைகுறியாக்கப்பட்டவை. வைஃபையின் பூட்டு திறந்திருந்தாலும் அந்தப் பூட்டு திறப்பதில்லை. வாடிக்கையாளர்களைத் தேவையின்றி அச்சுறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

ஆபத்து வேறு வழியில் வருகிறது. நினைவில் வைப்பது எளிது என்று, வைஃபைக்கும் மின்னஞ்சலுக்கும் இணைய வங்கிச் சேவைக்கும் ஒரே சொல்லை வைத்திருப்போர் பலர். வங்கி மாவாக அரைத்து வைத்திருக்கும் அதே அரிசி, வீட்டுக் கணினியில் முழு அரிசியாகக் கிடக்கிறது. விருந்தினர் ஒவ்வொருவருக்கும் அதை நாமே வாயால் சொல்லியும் கொடுக்கிறோம். இக்கட்டுரையைப் படித்துக் கடவுச்சொல்லை மீட்டெடுக்கும் வாசகர், திரையில் தோன்றும் சொல் தம் வங்கிக் கடவுச்சொல்லாகவோ அதன் உடன்பிறப்பாகவோ இருக்கக் கண்டால், வேறு வேலையைத் தொடங்குமுன் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

மற்றொன்று பொறுப்பு பற்றியது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சற்றுமுன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறை அதன் தடத்தைப் பின்தொடர்ந்து சென்று சேர்ந்த இடம் நவி மும்பையின் ஓர் அடுக்குமாடி வீடு. அங்குக் குடியிருந்த வெளிநாட்டவர் விசாரிக்கப்பட்டார். அவருடைய கணினிகள் ஆய்வுக்குச் சென்றன. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்தது, வேறு எவரோ அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது பின்னரே தெரிந்தது. இதன்பின் 2009இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியது. நம் இணைப்பின் வழியே எவர் எதைச் செய்தாலும், முதலில் தட்டப்படுவது நம் வீட்டுக் கதவே.

இவ்வழிகளை நம் சொந்தக் கணினிக்கும் சொந்த இணைப்புக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உரியவரின் அனுமதியின்றி அவருடைய கணினியையோ வலையமைப்பையோ அணுகுவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்கீழ் வருவது.

சொல் கிடைத்தபின்

மீட்டெடுத்த சொல் ஒரு கைபேசி எண்ணாக இருந்தால் அதை அப்படியே தொடர வேண்டாம். நம் நாட்டில் மிகவும் பரவலான வைஃபை கடவுச்சொல் வகை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். மலைக்க வைக்கும் எண்ணிக்கைதான். ஆயினும் முன்னர்க் கூறிய நான்கு செய்திகளின் பரிமாற்றத்தை ஒருவர் தெருவில் நின்று பதிவு செய்துகொண்டால், தம் வீட்டுக்குச் சென்று ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். சக்திவாய்ந்த வரைகலை அட்டை உள்ள ஒரு கணினி இந்த 400 கோடியையும் சில மணி நேரத்தில் முடித்துவிடும். ரூட்டரின் அருகே வரவேண்டியதும் இல்லை.

டபிள்யூபிஏ 2 முறை 8 முதல் 63 எழுத்துகள்வரை ஏற்கும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இதை மாற்றலாம். அப்பக்கத்தின் முகவரியும் நுழைவுச் சொல்லும் ரூட்டரின் அடியிலுள்ள சீட்டில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அந்த நுழைவுச் சொல் 'அட்மின்' என்று தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தால், அதையும் அன்றே மாற்றிவிடுவது அவசியம். வைஃபைக்குள் நுழைந்த ஒருவர் ரூட்டரின் அமைப்பையும் மாற்றிவிட்டால், வங்கியின் பெயரை நாம் தட்டச்சு செய்தாலும் போலித் தளத்தின் பக்கம் நம்மைத் திருப்ப முயலலாம். அப்போது உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் அதைக் கடந்து செல்பவர்தான் சிக்குகிறார். பல ரூட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை அமைக்கும் வசதியும் இருக்கிறது. வந்து போகிறவர்கள் மிகுந்த வீடுகளுக்கு அது மிகவும் பொருத்தம்.

மடிக்கணினியை விற்பதாகவோ பிறருக்குக் கொடுப்பதாகவோ இருந்தால், வைஃபை பட்டியலில் ஒவ்வொன்றாக 'ஃபர்கெட்' கொடுப்பதைவிட, தேவையான கோப்புகளை எடுத்துக்கொண்டு கணினியை முழுமையாக மீட்டமைத்துவிடுவதே எளிது.

புதிய சொல்லைத் தாளில் எழுதி அலமாரிக்குள் வைத்துக்கொள்வதை நாங்கள் குறைகூற மாட்டோம். வைஃபை கடவுச்சொல் வீட்டிலுள்ள எல்லாருக்கும் உரியது. நம் அலமாரியைத் திறப்பவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர்தான். அந்தத் தாளிலேயே ஏடிஎம் இரகசிய எண்ணையும் எழுதாமல் இருந்தால் போதும். மாற்றிய அன்று தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, அச்சுப்பொறி, மாடியிலுள்ள தாத்தாவின் கைபேசி என ஒவ்வொன்றிலும் புதிய சொல்லைத் தந்தாக வேண்டியிருக்கும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்ற நேரம்.